வேலி நெஸ்டாவின் மகள் – அத்தியாயம் 9: ஒற்றைச் சொல்

கல்யாணத்துக்கு நான்கே நாள் இருக்கும்போது மணப்பெண் கண் விழிக்க வேண்டிய இடம் போலீஸ் லாக்கப் அல்ல. டெலரி ப்ராசர் அங்கேதான் கண் விழித்தாள்.

விழித்ததும் முதலில் தன் கால்களைப் பார்த்தாள். இடது காலில் கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளை ஷூ. வலது காலில் யாருடையதோ ஒரு பச்சை ரப்பர் பூட்ஸ். ஆக, நேற்று நடந்தது எதுவும் கனவில்லை.

அவள் போராட வரவில்லை. தூக்கிச் சென்ற நான்கு போலீஸ்காரர்களிடமும் தனித்தனியாக அதைச் சொன்னாள். விமானத்தளத்தின் வாசலில், நடுச் சாலையில், முப்பது பெண்களோடு கைகோத்து உட்கார்ந்திருந்தவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போகத்தான் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்த அம்மா வரவில்லை. திங்கட்கிழமை காலை ரொட்டிக்கடைக் கவுண்டரில் நின்றிருந்தவள், ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு வேல்ஸிலிருந்து பஸ் ஏறினாள். புது ஷூ சனிக்கிழமையன்று காலைக் கடிக்கக் கூடாது என்று ஒரு வாரமாகக் கடையில் அதையே போட்டுக்கொண்டு நின்றதால், அதோடேயே கிளம்பிவிட்டாள். பஸ் மலைப்பாதையைத் தாண்டிய பிறகுதான் காலைக் கவனித்தாள்.

அணு ஏவுகணைகள் வரக் கூடாது என்று பெண்கள் முகாமிட்டிருந்த கிரீன்ஹாம் விமானத்தள வாசலில் அம்மா சேற்றில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் டெலரி பேசியது அவள் காதில் விழவில்லை. விழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து "சனிக்கிழம எனக்குக் கல்யாணம்மா, ஞாபகமிருக்கா?" என்று கத்தினாள். அந்த நேரம் பார்த்து போலீஸ் வந்தது. வலது கால் ஷூ போனது.

"ஷூவ நெனச்சுக் கவலப்படாத கண்ணு" என்றாள் எதிர் பெஞ்சில் இருந்த மேவிஸ். அறுபது வயது, லண்டனில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பூட்ஸ் அவளுடையதுதான். அவள் வலது காலில் இரண்டு சாக்ஸ் மட்டும் இருந்தன. "எங்கயும் போயிருக்காது. ஆனா வெள்ளையா ஒண்ணு கெடச்சா எங்க ஆளுங்க சும்மா விடுவாங்களா? வேலில கட்டியிருப்பாங்க."

"வேலிலயா? எதுக்கு?"

"அழகா இருக்குல்ல."

ஒன்பது மைல் வேலியில் அந்தப் பெண்கள் எதைத்தான் கட்டாமல் விட்டார்கள்? பிள்ளைகளின் போட்டோ, கம்பளி நூலில் பின்னிய சிலந்திவலை, பொம்மை, பழைய கல்யாண கவுன். நேற்று அம்மாவைத் தேடி நடந்தபோது ஒரு குட்டி மஞ்சள் கம்பளிச் சட்டையையும் டெலரி பார்த்தாள். அம்மாவின் பின்னல் அது. எங்கிருந்தாலும் அடையாளம் தெரியும். என் குழந்தைச் சட்டையைக் கொண்டுபோய் ராணுவத்தின் கம்பியில் கட்டியிருக்கிறாளே என்று அவளுக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

மூலையில் அம்மா விழித்துத்தான் இருந்தாள். நெஸ்டா ப்ராசர். ஒன்றரை வருஷத்தில் முகம் காற்றில் காய்ந்து கறுத்திருந்தது. தலையில் புகை வாடை. ஆனால் சிரித்தால் மட்டும் பழைய அம்மா.

அவள் சிரிக்கவில்லை.

"கோர்ட்ல என்ன கேப்பாங்க?" என்று டெலரி மேவிஸிடமே கேட்டாள். அம்மாவோடு நேற்றிலிருந்து பேச்சில்லை.

"ஒரே ஒரு கேள்வி. இனிமே அமைதியக் காப்பியான்னு கேப்பாங்க. காப்பேன்னு சொன்னா வீட்டுக்குப் போகலாம், குத்தம் எதுவும் உன் பேர்ல ஏறாது. மாட்டேன்னா லண்டன் ஜெயில்ல ரெண்டு வாரம்."

"அவ்வளவுதானா? காப்பேன்னு சொல்லிட்டுப் போயிடலாமே!"

மேவிஸ் நெஸ்டாவைப் பார்த்தாள்.

"நீயும் சொல்லிடுவல்லம்மா?"

நெஸ்டா முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "போன நவம்பர்லயும் இதத்தான் கேட்டாங்க. 'இனிமே அமைதியக் காப்பேன்'னா, இதுவரைக்கும் கெடுத்தேன்னு ஆயிடும் டெலரி. ஒன்றரை வருஷமா அந்தச் சேத்துல உக்காந்து நான் வேற என்னத்தக் காத்துக்கிட்டிருக்கேன்?"

"வீட்டக் காத்திருக்கலாம்."

மேவிஸ் தன் சாக்ஸைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

போன நவம்பரில் அம்மா 'மாட்டேன்' என்றாள். அதனால் டெலரியின் நிச்சயதார்த்த விருந்தில் அவள் நாற்காலி காலியாக இருந்தது. விருந்தாளிகள் அந்த நாற்காலியில் கோட்டுகளைப் போட்டுவைத்தார்கள்.

"இந்தத் தடவ என்ன சொல்லப்போற?"

"தெரியல" என்றாள் நெஸ்டா.

அம்மா கோபப்பட்டிருந்தால் டெலரிக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். இந்தத் 'தெரியல' புதிதாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை.

*

கோர்ட்டில் அன்று பெண்கள் கூட்டம். கீழே அறைகள் போதாமல், மேலே நடைக்கூடத்தில் நீளப் பெஞ்சுகள் போட்டு, இரண்டு பெண் போலீஸ் காவலில் உட்கார வைத்திருந்தார்கள். வெளியே தெருவில் பாட்டு. ஜன்னல்களுக்குக் கீழேயெல்லாம் பத்திரிகைக்காரர்கள்.

பத்து மணி வாக்கில் மாடிப்படியில் அப்பாவின் இருமல் கேட்டது.

இத்வால் ப்ராசர் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தார். கையில் ஒரு வட்டமான தொப்பிப் பெட்டி. பின்னால் மாப்பிள்ளை கெரைன்ட், தலைமயிரில் மாவோடு. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே ரொட்டி வேனை எடுத்திருக்கிறான்.

அவர்கள் ஊரான பான்ட்வெனில் பாதிப் பேர் ப்ராசர், மீதிப் பேர் எவன்ஸ். அதனால் ஊரில் ஆளைத் தொழிலோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். கெரைன்ட், ரொட்டி கெரைன்ட். ரயில் வரும்போது கேட்டை இறக்கி ஏற்றும் அப்பா, கேட்டு இத்வால். அம்மா பல காலம் வெறும் நெஸ்டாவாகத்தான் இருந்தாள். இப்போது வேலி நெஸ்டா. புருஷனுக்கு ஒரு கேட்டு, பொண்டாட்டிக்கு ஒரு கேட்டு என்று சாராயக்கடையில் சிரிப்பார்கள். அப்பாவும் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்வார் என்பதுதான் டெலரிக்குப் பொறுக்காது.

"நல்லாருக்கியா?" என்றான் கெரைன்ட்.

"லாக்கப்ல டீ கூட குடுத்தாங்க."

"எங்க அம்மா கேக்குக்கு மேல ஐஸிங் போட ஆரம்பிச்சுட்டாங்க. நான் எதுவும் சொல்லல. ரொட்டிக்கு மாவு வாங்கப் போறேன்னு சொல்லியிருக்கேன்." அவள் காலைப் பார்த்தான். "இன்னொண்ணு எங்க?"

"கேட்டுகிட்ட விழுந்துருச்சு. வேலில கட்டியிருப்பாங்களாம்."

"கட்டியிருப்பாங்களா?" கெரைன்ட் ஒரு கணம் யோசித்தான். அவனுக்குப் புரியாத விஷயங்களை அவன் எப்போதும் ஒரு வேலையாக மாற்றிக்கொள்வான். "சரி. நான் போய் அவுத்துட்டு வந்துடறேன். நீ முடிச்சுட்டு வெளிய வரதுக்குள்ள வந்துடுவேன்."

"ஒன்பது மைல் வேலி, கெரைன்ட்."

"வெள்ள ஷூதானே. தெரியும்."

"ஆம்பளைங்களப் பாத்தா அங்க கிண்டல் பண்ணுவாங்க."

"ரொட்டி கொண்டு போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினான்.

இத்வால் தொப்பிப் பெட்டியை நெஸ்டாவின் மடியில் வைத்தார். "நீல தொப்பி. கல்யாணத்துக்குப் போட்டுக்கோ. வீட்டுக்குப் போயிட்டு வர நேரமிருக்குமோ என்னவோன்னு கையோட கொண்டாந்துட்டேன்."

"இறகு நசுங்கிடல?"

"வழி பூரா மடிலயே வெச்சிருந்தேன்."

இவ்வளவுதான் பேசினார்கள். ஒன்றரை வருஷமாக வெந்நீர்கூடச் சரியாகக் காய்ச்சத் தெரியாத மனிதர், முட்டையும் ரொட்டியுமாகச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு தடவைகூடப் பெண்டாட்டியை வா என்று கூப்பிடவில்லை. கேட்டால், "அவளுக்குத் தோணும்போது வருவா" என்பார். இந்தக் கல்யாணத்தில்கூட அவர் கேட்டது ஒன்றே ஒன்று. போட்டோ எடுக்கிறவன் ஃபிளாஷ் போடக் கூடாது. சர்ச்சுக்குள் இருட்டு, ஃபிளாஷ் இல்லாவிட்டால் எல்லோரும் ஆவி மாதிரி விழுவோம் என்று டெலரி இரண்டு நாள் கத்திப் பார்த்தாள். "என் கண்ணுக்கு ஆகாதும்மா" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

அப்போதுதான் அது நடந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பத்திரிகைக்காரன் ஏணி வைத்து ஏறி நின்று, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களை நோக்கி கேமராவைத் தூக்கினான். நடைக்கூடம் முழுக்க ஒரு வெள்ளை வெளிச்சம் அடித்து அணைந்தது.

இத்வால் சுவரைப் பார்த்துத் திரும்பினார். சட்டென்று, யாரோ உத்தரவு போட்டதுபோல். தரையில் உட்கார்ந்து, முழங்காலில் தலையை வைத்து, இரண்டு முஷ்டிகளையும் கண்களில் அழுத்திக்கொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா!"

நெஸ்டா அதற்குள் எழுந்துவிட்டாள். தடுக்க வந்த பெண் போலீஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலகி நின்றாள். நெஸ்டா அவர் பின்னால் மண்டியிட்டு, முதுகில் கையை வைத்து, அவசரமே இல்லாமல் சொன்னாள்:

"முடிஞ்சுருச்சு இத்வால். இப்ப திரும்பலாம்."

அவர் திரும்பவில்லை.

"இப்ப திரும்பலாம். நான்தான் சொல்றேன்."

மெதுவாகக் கைகள் இறங்கின. அவர் தன் உள்ளங்கைகளை விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அப்பா அப்படிப் பார்ப்பதை டெலரி எத்தனையோ தடவை கண்டிருக்கிறாள். இடி மின்னல் நாட்களில், நெருப்பு கொளுத்தும்போது. கை கழுவ வேண்டுமா என்று பார்க்கிறார் என்றே நினைத்திருந்தாள்.

"என்னப்பா இது? என்ன ஆச்சு?"

இத்வால் மனைவியைப் பார்த்தார். நெஸ்டா, "சொல்லேன். அவளுக்கும்தான் இருபது முடிஞ்சுருச்சு" என்றாள்.

"பட்டாளத்துல இருந்தப்ப" என்று ஆரம்பித்தார். இருமினார். "ஒரு தீவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நல்ல கடற்கர. இந்த மாதிரி உக்காருங்கடா, முதுகக் காட்டுங்கடா, கண்ணுல முஷ்டிய வெச்சு அழுத்துங்கடான்னாங்க. அழுத்தினேன். கண்ணு மூடியிருக்கு, மேல கையும் இருக்கு. ஆனா என் கை எலும்பு அத்தனையும் எனக்குத் தெரிஞ்சுது டெலரி. ஒவ்வொண்ணா. அப்புறம், இப்ப திரும்பலாம்னு சொன்னாங்க."

"எந்த யுத்தத்துல?"

"யுத்தம் எங்க? சும்மா வெடிச்சுப் பாத்தாங்க. நம்ம அணுகுண்டுதான்."

நடைக்கூடத்தில் ஒரு கதவு திறந்து மூடியது. ஏதோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். டெலரியின் மனதில் மஞ்சளாக ஒன்று வந்து நின்றது. ஏன் இப்போது அது வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

"அம்மா, வேலில ஒரு சட்ட கட்டியிருக்கியே. மஞ்சள் சட்ட. அது என்னோடதுதானே?"

நெஸ்டா இல்லையென்று தலையை ஆட்டினாள். "உன்னோடது வீட்டு அலமாரில இருக்கு. அது உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தானே, அவனோடது. போட்டுக்கவே இல்ல."

"எனக்கு முன்னாடியா?"

"ஒரு நாள்கூட இல்ல கண்ணு. பாதி நாள்."

"அது… அந்தக் குண்டாலயா?"

"தெரியாது" என்றாள் நெஸ்டா.

"தெரியாதும்மா" என்றார் இத்வால். "டாக்டர் சொல்லல. பட்டாளத்துக்காரங்களக் கேட்டா, நீ அங்க இருந்ததையே பேசக் கூடாதுன்னாங்க. சில சமயம் இப்படி ஆறதுண்டுன்னு நர்ஸ் சொன்னா. ஆறதுண்டுதான். அதான் தெரியலயே."

டெலரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா ஊரை விட்டு ஓடிப்போனவள், அப்பா தடுக்கத் துப்பில்லாதவர். ஒன்றரை வருஷமாக அவள் மனதில் வீடு அப்படித்தான் அடுக்கப்பட்டிருந்தது. இப்போது யாரோ மேசை நாற்காலிகளையெல்லாம் இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். இருட்டில் நடப்பதுபோல் முழங்காலில் இடித்தது.

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது?" என்றாள் நெஸ்டா. "இவருக்குப் பேசத் தடை. எனக்கில்ல. அதான் நான் போய் உக்காந்தேன்."

இத்வால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோட்டைத் தட்டிக்கொண்டார். பிறகு, கேட்டைத் தூக்குகிற மனிதர் ரயில் போய்விட்டதா என்று இரண்டு பக்கமும் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, மனைவியின் கையைப் பிடித்தார்.

"நெஸ்டா. நான் இதுவரைக்கும் ஒரு தடவகூடக் கேட்டதில்ல."

"இல்ல."

"இன்னிக்குக் கேக்கறேன். வீட்டுக்கு வா. சனிக்கிழம பொண்ண நான் மட்டும் தனியா சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போக முடியாது. என்னால முடியல."

நெஸ்டா தொப்பிப் பெட்டியின் மூடியை விரலால் சுற்றிச் சுற்றி வந்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "ப்ராசர்!"

அம்மாவும் மகளும் ஒன்றாக எழுந்தார்கள்.

"எந்த ப்ராசர்?" என்றார் வாசலில் நின்ற போலீஸ்காரர்.

"ரெண்டும்தான்" என்றாள் மேவிஸ். "ஒண்ணு எடுத்தா ஒண்ணு இலவசம்."

*

நெஸ்டா முதலில் கூண்டில் ஏறினாள். உயரத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவருக்கு ஜலதோஷம். வாயில் மிட்டாய் எதையோ ஒதுக்கிக்கொண்டு பேசினார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. வீட்டில் ரோஜாச் செடி வளர்ப்பவர்போல் இருந்தார்.

"திருமதி ப்ராசர், நீங்கள் ஏற்கெனவே ஒரு முறை இங்கே வந்திருக்கிறீர்கள். நடைமுறை உங்களுக்குத் தெரியும். வரும் ஓராண்டு காலம் அமைதியைக் காப்பதாக உறுதியளிக்கிறீர்களா?"

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த முகாம் பெண்கள் காத்திருந்தார்கள். இந்த இடத்தில் நெஸ்டா என்ன சொல்வாள் என்று அவர்களுக்குத் தெரியும். போன தடவை அவள் சொன்ன பதிலைத் துணியில் தைத்துக் கூடாரத்தில் மாட்டியிருந்தார்கள்.

நெஸ்டா பின்னால் திரும்பினாள். இத்வால் சுவரோரம் தொப்பிப் பெட்டியோடு நின்றிருந்தார். பிறகு மகளைப் பார்த்தாள். முகத்திலிருந்து கீழே இறங்கி, அந்த ஒற்றை வெள்ளை ஷூவில் பார்வை நின்றது.

"அளிக்கறேன்" என்றாள்.

"மன்னிக்கவும்?"

"உறுதி அளிக்கறேன்னு சொன்னேன்."

யாரும் முணுமுணுக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மேவிஸ் மட்டும், "சரிதான் நெஸ்டா. போய்ட்டு வா" என்று வாஞ்சையாகச் சொன்னாள். நெஸ்டா கூண்டிலிருந்து இறங்கினாள். ஏறும்போது இருந்த உயரம் இறங்கும்போது இல்லை. ஏதோ ஒன்றை அங்கேயே வைத்துவிட்டு வந்தவள்போல் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடந்தாள்.

டெலரி இதற்காகத்தானே ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்தாள்? இதைத்தானே கேட்டாள்? அம்மா வீட்டுக்கு வருகிறாள். நீலத் தொப்பி போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்காருவாள். சந்தோஷம் வரும் என்று டெலரி காத்திருந்தாள். அது வரவில்லை.

"செல்வி டெலரி ப்ராசர்."

ஒரு காலில் ஷூ, ஒரு காலில் பூட்ஸ். கூண்டின் படி ஏறும்போது டக்கென்றும் தொப்பென்றும் மாறி மாறிச் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

"உங்களுக்கு இது முதல் முறை" என்றார் ஜலதோஷக்காரர், கனிவாகவே. "நீங்கள் முகாமைச் சேர்ந்தவர் அல்ல, சனிக்கிழமை உங்களுக்குத் திருமணம் என்று போலீஸ் தரப்பில் சொல்கிறார்கள். வாழ்த்துகள். இனி அமைதியைக் காப்பதாக உறுதியளிக்கிறீர்களா?"

அளிக்கிறேன். ஒரு சொல். வாயைத் திறந்தாள்.

"நான் எப்ப கெடுத்தேன்?" என்று கேட்டாள்.

கேட்டது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"மன்னிக்கவும்?"

"இனிமேன்னு சொல்றீங்களே, அதான் கேக்கறேன். நான் ரோட்ல உக்காந்து எங்கம்மாவ வீட்டுக்கு வாம்மான்னு கூப்பிட்டேன். அதுல எந்த அமைதி கெட்டுச்சு?"

"பொதுச் சாலையை மறித்தீர்கள்."

"ஏவுகணைய உள்ள கொண்டு போறதுக்கான சாலைங்களா?"

பின்வரிசை சிரித்தது. டெலரி கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"செல்வி ப்ராசர், விவாதம் வேண்டாம். ஆம் அல்லது இல்லை."

அமைதி என்றால் என்ன? அப்பா இருபத்தைந்து வருஷமாக வாய் திறக்காமல் இருந்தாரே, அதுவா? பாதி நாள் இருந்துவிட்டுப் போனவனைப் பற்றி வீட்டில் ஒருத்தரும் பேசாததா? அந்த அமைதியையா காப்பேன் என்று சொல்லச் சொல்கிறார்? அவள் சர்ச்சு, கேக், கெரைன்டின் தலையில் இருந்த மாவு எல்லாவற்றையும் நினைத்தாள். எதுவும் ஒன்றோடொன்று சேரவில்லை. அமைதியைக் கெடுத்தாயா என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் இருந்தது. அவர்கள் கேட்டதோ வேறு கேள்வி.

"இல்ல" என்றாள்.

குமாஸ்தாவின் பேனா நகர்ந்தது. அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சிழுத்தார்கள்.

"டெலரி!" அம்மாவின் குரல். "ஐயா, அவ கெடுக்கலன்னு சொல்றா. உறுதி தரமாட்டேன்னு சொல்லல. அவளுக்குப் புரியல ஐயா!"

ஜலதோஷக்காரர் கையை உயர்த்தினார். மிட்டாயை வாயின் மறுபக்கத்துக்கு மாற்றினார். அவருக்கும் இது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"உங்கள் தாயார் சொல்வதுபோல் தவறுதலாகச் சொல்லியிருக்கலாம். அதனால் மறுபடி கேட்கிறேன். இனிமேல் அமைதியைக் காப்பதாக உறுதியளிக்க நீங்கள் சம்மதிக்கிறீர்களா, மறுக்கிறீர்களா? மறுத்தால் பதினான்கு நாள். புரிகிறதா?"

"புரியுது."

முதல் தடவை சொன்னது வாய் தவறியா, மனமறிந்தா என்று பிறகு எத்தனையோ பேர் அவளிடம் கேட்கப்போகிறார்கள். அவளுக்குப் பதில் தெரியாது. ஆனால் இந்த இரண்டாம் தடவை தெரியும். அம்மா கூண்டில் வைத்துவிட்டுப் போனது எதுவோ இன்னும் அங்கேயேதான் இருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு இறங்க டெலரிக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

"மறுக்கறேன்" என்றாள்.

"அப்படின்னா நானும் வாபஸ் வாங்கறேன்!" நெஸ்டா தடுப்பைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தாள். "என் பதில அழிச்சுடுங்க. எனக்கும் பதினாலு நாள் குடுங்க. அவளுக்குப் பதிலா நான் போறேன்!"

"திருமதி ப்ராசர், உங்கள் பதில் பதிவாகிவிட்டது" என்றார் அவர் களைப்போடு. "நீங்கள் வீட்டுக்குப் போகலாம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக வேலி நெஸ்டாவைக் கோர்ட்டிலிருந்து வெளியேற்ற இரண்டு போலீஸ்காரர்கள் தேவைப்பட்டார்கள். வீட்டுக்கு அனுப்புவதற்காக.

*

சிறை வண்டியில் மேவிஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் மறுத்துவிட்டாள். அவளுக்குப் பழக்கம்.

"பூட்ஸ வேணும்னா கழட்டித் தரேன்" என்றாள் டெலரி.

"வெச்சுக்க. அங்க தரை ஜில்லுனு இருக்கும்." மேவிஸ் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "ஏன் கண்ணு அப்படிச் சொன்ன?"

"தெரியல மேவிஸ். எனக்கு இந்த ஏவுகணையப் பத்தியெல்லாம் ஒண்ணும் தெரியாது. நான் நல்லவளா, பைத்தியமா?"

"முதல் தடவ எல்லாரும் இதத்தான் கேப்பாங்க. ஹாலோவே ஜெயில்ல டீ தண்ணியாட்டம் இருக்கும், அத மட்டும் இப்பவே சொல்லிடறேன்."

டெலரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஜன்னலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. அதில் கண்ணை வைத்தாள்.

நடைபாதையில் அம்மாவும் அப்பாவும் நின்றிருந்தார்கள். நீலத் தொப்பி பெட்டிக்கு வெளியே வந்துவிட்டிருந்தது. அம்மா அதைத் தலையில் வைக்கவும் தெரியாமல், பெட்டியில் போடவும் தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெண்கள் பாடினார்கள். அந்த இருவர் மட்டும் பாடவில்லை.

வண்டி அசைந்தது.

அப்போது தெருமுனையில் ரொட்டி வேன் வந்து நின்றது. கதவைச் சாத்தக்கூட இல்லாமல் கெரைன்ட் குதித்து ஓடி வந்தான். முழங்கால்வரை சேறு. கையை உயரத் தூக்கியிருந்தான். அதில் டெலரியின் வெள்ளை ஷூ. குதிகாலில் சிவப்புக் கம்பளி நூலும் பாசிமணியும் யாரோ அழகாகச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஒன்பது மைலில் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். சனிக்கிழமைக்குப் பிறகு அவளை ரொட்டி டெலரி ஆக்கியிருக்க வேண்டியவன்.

சிறை வண்டியை அவன் பார்க்கவில்லை. அதைத் தாண்டி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, கோர்ட் வாசலைப் பார்த்து ஓடினான். அவன் கண்கள் கூட்டத்தில் டெலரியைத் தேடின.

நெஸ்டா அவனைப் பார்த்துவிட்டாள். தொப்பியை இத்வாலின் கையில் திணித்துவிட்டு முன்னே வந்தாள். கெரைன்ட் ஷூவை நீட்டினான். ஏதோ கேட்டான்.

அம்மா அந்த ஷூவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

அவன் முகம் என்ன ஆனது என்று பார்ப்பதற்குள் வண்டி லண்டன் சாலையில் திரும்பிவிட்டது.